ஜெனரிக் டைப்பும் டிபென்டென்சி இன்ஜெக்‌ஷனும்: ஸ்பிரிங்கில் எந்த வரிசையில் எழுதினால் சிக்கல் வராது

ஜெனரிக்ஸ் (டைப்பையே பாராமீட்டராக எடுத்துக்கொள்ளும் ஜாவா வசதி) தனியாகக் கேட்டால் எல்லோருக்கும் தெரியும். டிபென்டென்சி இன்ஜெக்‌ஷனும் (ஒரு கிளாஸுக்குத் தேவையான ஆப்ஜெக்ட்டை வெளியிலிருந்து கொடுப்பது; ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க் செய்யும் வேலை) தெரியும். இரண்டும் ஒரே கிளாஸில் சேரும்போதுதான் ஆள் திணறுகிறார். பெங்களூரில் எங்கள் டீமுக்கு வரும் புதியவர்கள், கோயம்புத்தூரோ திருநெல்வேலியோ எங்கிருந்து வந்தாலும், தடுக்கி விழும் இடங்கள் மட்டும் மாறுவதில்லை. அந்த இடங்களை வேலை நடக்கும் வரிசையிலேயே கீழே தருகிறேன்.

உதாரணத்துக்கு ஒரு பயணச் செலவு கிளெய்ம் ஆப்பை எடுத்துக்கொள்வோம். ஊழியர் ஆட்டோவில் வந்தாலும், மெட்ரோவில் வந்தாலும், பஸ்ஸில் வந்தாலும் அதற்கான கட்டணத்தைக் கணக்கிட வேண்டும். கிளாஸ் பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன். ஜாவா கம்பைலர் தமிழ்ப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும். கோடு ரிவ்யூ செய்பவர் ஏற்றுக்கொள்வாரா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்குவதற்கு முன் தேவையானவை

ஜாவா 17 அல்லது அதற்கு மேல், ஸ்பிரிங் பூட் 3. பூட் 3-க்குக் குறைந்தபட்சமே ஜாவா 17 தான். பின்னால் வரும் சீல்டு இன்டர்ஃபேஸ் (யார் யார் இம்ப்ளிமென்ட் செய்யலாம் என்று முன்பே பட்டியலிடுவது) வசதிக்கும் அது வேண்டும்.

அடுத்து, கம்பைலரின் லின்ட் ஆப்ஷனில் ரா டைப் (ஜெனரிக் கிளாஸை டைப் சொல்லாமல் பயன்படுத்துவது), அன்செக்டு (கம்பைலரால் டைப்பைச் சரிபார்க்க முடியாத இடம்) என்ற இரண்டு வார்னிங்குகளையும் ஆன் செய்யுங்கள். பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். முதலிலேயே ஆன் செய்தால், இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் தவறுகளில் பாதியை ஆப் ஓடுவதற்கு முன்பே கம்பைலர் காட்டிக்கொடுத்துவிடும். ஆயிரம் வார்னிங் சேர்ந்தபிறகு ஆன் செய்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.

மூன்றாவது, கன்ஸ்ட்ரக்டர் இன்ஜெக்‌ஷன் (தேவையானதைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்குவது) மட்டுமே பயன்படுத்துங்கள். அதற்கான காரணம் படி 6-ல் வருகிறது.

2. ஜெனரிக் தேவையா என்று முதலில் பாருங்கள்

இன்டர்ஃபேஸின் மெத்தடுகளை ஒரு தாளில் எழுதுங்கள். அந்த டைப் எழுத்து, அதாவது "டி", ஏதாவது ஒரு மெத்தடின் உள்ளீட்டிலோ வெளியீட்டிலோ வருகிறதா? வரவில்லை என்றால் அது வேண்டாம். வெறும் அடையாளத்துக்காகப் போட்ட டைப்பை விட @குவாலிஃபையர் (எந்த ஆப்ஜெக்ட் வேண்டும் என்று பெயரால் சொல்வது) தெளிவானது.

நம் உதாரணத்தில் தேவை இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு ஆட்டோ மீட்டர் கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. (மீட்டர் போட ஒப்புக்கொள்ளும் ஆட்டோ கிடைத்தால்தான் இந்தக் கணக்கு.) இதற்குத் தூரமும் நேரமும் வேண்டும். மெட்ரோவுக்கோ ஏறிய ஸ்டேஷன், இறங்கிய ஸ்டேஷன், ஸ்மார்ட் கார்டா டோக்கனா என்பது வேண்டும். உள்ளீடே வேறு வேறு. ஆகவே இன்டர்ஃபேஸ் இப்படி அமையும்:

இன்டர்ஃபேஸ் கட்டணக்கணிப்பு<டி எக்ஸ்டெண்ட்ஸ் பயணம்>
  மெத்தட்: தொகை கணி(டி பயணம்)

"எக்ஸ்டெண்ட்ஸ் பயணம்" என்ற வரம்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் யாராவது கட்டணக்கணிப்பு<ஸ்ட்ரிங்> என்று எழுதினாலும் கம்பைலர் வாய் திறக்காது.

3. டைப்பைக் கிளாஸின் தலைப்பு வரியிலேயே எழுதிவிடுங்கள்

முழு விஷயத்துக்கும் அச்சாணி இந்தப் படிதான். இது புரிந்தால் மீதி தானாக விளங்கும்.

ஜாவாவில் ரன்டைமில் ஜெனரிக் டைப் அழிந்துவிடும் என்று படித்திருப்பீர்கள். அது பாதி உண்மை. அழிவது ஆப்ஜெக்ட்டில் மட்டும். ஒரு லிஸ்ட் ஆப்ஜெக்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "நீ எதன் லிஸ்ட்?" என்று கேட்டால் அதற்குத் தெரியாது. ஆனால் கிளாஸ் எதை எக்ஸ்டெண்ட் செய்கிறது, எதை இம்ப்ளிமென்ட் செய்கிறது, ஃபீல்டின் டைப் என்ன, மெத்தடின் பாராமீட்டரும் ரிட்டர்ன் டைப்பும் என்ன என்பவை டைப் விவரத்தோடு கிளாஸ் ஃபைலில் பத்திரமாக இருக்கின்றன. டப்பாவில் ஒட்டிய லேபிள் உரிந்துபோனாலும், மளிகைக்கடைக்காரரின் கணக்கு நோட்டில் பெயர் இருப்பது போல.

கன்டெய்னர் (ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கி இணைக்கும் ஸ்பிரிங்கின் பகுதி) அந்த நோட்டைத்தான் ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும்போதே கிளாஸின் விவரத்தைப் பார்க்கும் வசதி) வழியாகப் படிக்கிறது. எனவே எழுதவேண்டிய முறை:

@காம்பொனென்ட்
கிளாஸ் ஆட்டோகட்டணம் இம்ப்ளிமென்ட்ஸ் கட்டணக்கணிப்பு<ஆட்டோபயணம்>

இந்தத் தலைப்பு வரியில் ஆட்டோபயணம் என்ற சொல் வெளிப்படையாக இருப்பதால், ஸ்பிரிங் இந்த பீனை (கன்டெய்னர் உருவாக்கி வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்டை) "ஆட்டோவுக்கான கணிப்பு" என்று அடையாளம் காண்கிறது. 2013-ல் வந்த ஸ்பிரிங் 4.0 முதல் இந்த டைப்பே குவாலிஃபையர் போல வேலை செய்கிறது. தனியாகப் பெயர் வைத்துத் தேடவேண்டியதில்லை.

இங்கே நடக்கும் பொதுவான தவறு, "மறுபயன்பாட்டுக்கு உதவும்" என்று கிளாஸையும் ஜெனரிக்காகவே விட்டுவிடுவது. அப்படி விட்டால் நோட்டில் "டி" என்றுதான் எழுதியிருக்கும். ஆட்டோ என்று எங்கும் இருக்காது. அதனால் வரும் வினையைப் படி 8-ல் பாருங்கள்.

4. கேட்கும் இடத்திலும் முழு டைப்பைக் கேளுங்கள்

கன்ஸ்ட்ரக்டரில் கட்டணக்கணிப்பு<ஆட்டோபயணம்> என்று எழுதுங்கள். வெறும் கட்டணக்கணிப்பு என்று எழுதினால் மூன்று பீன்களும் பொருந்தும். எதைத் தருவது என்று தெரியாமல் ஸ்பிரிங் "ஒன்றுதான் எதிர்பார்த்தேன், மூன்று கிடைத்தது" என்று சொல்லி நின்றுவிடும்.

நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் ஓடுவதுதான் ஆபத்து. ஒரு ஜூனியர் ஒருமுறை வந்து, "அக்கா, ரா டைப்தான் போட்டிருக்கேன், ஆனா சரியான பீன்தான் வருது" என்றார். திரையைப் பார்த்தால் பாராமீட்டரின் பெயர் ஆட்டோகட்டணம், பீனின் பெயரும் ஆட்டோகட்டணம். பல பீன்கள் பொருந்தும்போது, வேறு குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் ஸ்பிரிங் பாராமீட்டர் பெயரையும் பீன் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கும். அது ஒத்துப்போனதால் ஓடியது. யாராவது பாராமீட்டரை வெறும் "கணிப்பு" என்று ரீநேம் செய்திருந்தால் அன்றே ஆப் விழுந்திருக்கும். பெயர் மாற்றியதால் ஆப் விழுந்தது என்று ரிவ்யூவில் சொன்னால் நம்புகிறவர் குறைவு.

அந்தப் பெயர் ஒப்பீட்டுக்குப் பாராமீட்டர் பெயர்கள் கிளாஸ் ஃபைலில் இருக்கவேண்டும். ஸ்பிரிங் 6.1 முதல், கம்பைலருக்குப் பாராமீட்டர்ஸ் ஆப்ஷன் தராவிட்டால் அந்தப் பெயர்கள் கிடைக்காது. ஸ்பிரிங் பூட்டின் மேவன் பேரன்ட்டும் கிரேடில் பிளகினும் அதைத் தாமே தந்துவிடுகின்றன. கைப்பட அமைத்த பழைய பில்டுகளில்தான் மேம்படுத்திய மறுநாள் இந்தக் கூத்து நடக்கும்.

5. @பீன் மெத்தடில் ரிட்டர்ன் டைப்பை முழுசாக எழுதுங்கள்

சில பீன்களைக் கன்ஃபிகரேஷன் கிளாஸில் மெத்தடாக எழுதுவோம். அங்கே ஸ்பிரிங் படிப்பது மெத்தடின் ரிட்டர்ன் டைப்பை. உள்ளே நீங்கள் எதை உருவாக்குகிறீர்கள் என்பது இரண்டாம் பட்சம்.

மெட்ரோவுக்கான மெத்தடின் ரிட்டர்ன் டைப்பை வெறும் கட்டணக்கணிப்பு என்று எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கான கணிப்பை எழுத மறந்தும்விட்டீர்கள். யாரோ ஒருவர் கட்டணக்கணிப்பு<பஸ்பயணம்> கேட்கிறார். துல்லியமாகப் பொருந்தும் பீன் இல்லை. உடனே ஸ்பிரிங் கைவிடாது. கொஞ்சம் தளர்த்திக்கொண்டு இரண்டாவது முறை தேடும். டைப் சொல்லப்படாத பீன் எதற்கும் பொருந்தலாம் என்று அந்தச் சுற்றில் எடுத்துக்கொண்டு, மெட்ரோ பீனைப் பஸ்ஸுக்குக் கொடுத்துவிடும். ஆப் அழகாக ஸ்டார்ட் ஆகும். முதல் பஸ் கிளெய்ம் வரும்போது கிளாஸ்-காஸ்ட் எக்செப்ஷன்.

லாம்ப்டாவாலும் (பெயரில்லாத குட்டி ஃபங்ஷனாலும்) @பீன் எழுதலாம். ரிட்டர்ன் டைப் கட்டணக்கணிப்பு<பஸ்பயணம்> என்று இருக்கும்வரை இன்ஜெக்‌ஷன் சரியாக நடக்கும். ஆனால் லாம்ப்டா ஆப்ஜெக்ட்டின் கிளாஸில் டைப் விவரம் எதுவும் இருக்காது. அந்த ஆப்ஜெக்ட்டையே பார்த்து டைப்பைக் கண்டுபிடிக்கும் எந்தக் கோடும் அங்கே தோற்கும்.

6. பொது பேஸ் கிளாஸ் இருந்தால்

கிளெய்மைச் சரிபார், கணக்கிடு, சேமி என்ற மூன்று வேலையும் எல்லாப் பயணத்துக்கும் பொது என்றால் கிளெய்ம்சேவை<டி எக்ஸ்டெண்ட்ஸ் பயணம்> என்று ஒரு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் வைப்பது இயல்பு.

பேஸ் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் கட்டணக்கணிப்பு<டி> கேட்கட்டும். ஆட்டோகிளெய்ம்சேவை என்ற வாரிசு கிளாஸ் கட்டணக்கணிப்பு<ஆட்டோபயணம்> கேட்டு வாங்கி, சூப்பர் அழைப்பில் மேலே அனுப்பட்டும். ஒவ்வொரு வாரிசிலும் இரண்டு மூன்று வரி கூடும், கூடட்டும். என்ன தேவை என்பது அந்தக் கிளாஸிலேயே கண்ணுக்குத் தெரியும், டெஸ்டில் கையால் உருவாக்கவும் முடியும்.

பேஸ் கிளாஸின் ஃபீல்டிலேயே @ஆட்டோவயர்ட் (ஸ்பிரிங்கே நிரப்பட்டும் என்ற குறி) போட்டாலும் ஸ்பிரிங் வாரிசின் தலைப்பு வரியைப் பார்த்து "டி" எதுவென்று கண்டுபிடித்துவிடும். வேலை நடக்கும். ஆனால் எந்த பீன் வந்து சேர்கிறது என்பதைக் கம்பைலர் சரிபார்க்காது. நடுவில் யாராவது இன்னொரு ஜெனரிக் கிளாஸைச் செருகி, டைப்பைக் கடத்த மறந்து ரா டைப்பாக எக்ஸ்டெண்ட் செய்தால் எல்லாக் கணிப்புகளும் பொருந்தி, விஷயம் படி 4-ல் பார்த்த குழப்பத்தில் போய் முடியும். கன்ஸ்ட்ரக்டராக இருந்தால் சூப்பர் அழைப்பிலும் அன்செக்டு வார்னிங் வரும்.

7. எல்லாவற்றையும் திரட்டி, வந்த பயணத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்தல்

இதுவரை எந்தப் பயணம் என்று எழுதும்போதே தெரிந்திருந்தது. நிஜத்தில் கிளெய்ம் வந்த பிறகுதான் அது ஆட்டோவா பஸ்ஸா என்று தெரியும். ஆகவே எல்லாக் கணிப்புகளையும் வாங்கி வைத்துக்கொண்டு பிரித்துவிடும் ஒரு கிளாஸ் வேண்டும். புதியவர்கள் அதிக நேரம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில் இன்ஜெக்ட் செய்யும் டைப். இயல்பாக எல்லோரும் லிஸ்ட்<கட்டணக்கணிப்பு<பயணம்>> என்று எழுதுவார்கள். ஆட்டோபயணம் ஒரு பயணம்தானே என்ற நியாயம். ஆனால் கட்டணக்கணிப்பு<ஆட்டோபயணம்> என்பது கட்டணக்கணிப்பு<பயணம்> ஆகாது. ஆகியிருந்தால் ஆட்டோ கணிப்பிடம் மெட்ரோ பயணத்தைக் கொடுக்கலாம் என்று ஆகிவிடும். கம்பைலருக்கும் ஸ்பிரிங்குக்கும் இதில் ஒரே கருத்து: ஒரு பீன்கூடப் பொருந்தவில்லை என்று சொல்லி ஸ்டார்ட் ஆகாது. எழுதவேண்டியது வைல்டுகார்டோடு, அதாவது எந்த டைப்பும் ஆகலாம் என்ற கேள்விக்குறியோடு:

லிஸ்ட்<கட்டணக்கணிப்பு<?>>

அடுத்து, கையில் வந்த ஒவ்வொரு கணிப்பும் எந்தப் பயணத்துக்கானது என்று தெரியவேண்டும். ஸ்பிரிங்கின் ஜெனரிக்-டைப்-ரிசால்வர் கிளாஸைக் கூப்பிட்டு ஆப்ஜெக்ட்டின் கிளாஸிலிருந்து டைப்பை எடுக்கலாம். செய்துபார்த்தால் முதலில் வேலை செய்யும். பிறகு யாராவது ஒரு கணிப்பில் @ட்ரான்சாக்‌ஷனல் போடுவார்கள். ஸ்பிரிங் அந்த பீனை ப்ராக்ஸியால் (அழைப்பை நடுவில் வாங்கி உள்ளே அனுப்பும் ஆப்ஜெக்ட்டால்) சுற்றிக் கொடுக்கும். அது சிஜிலிப் ப்ராக்ஸி என்றால் உங்கள் கிளாஸின் வாரிசு, ஆகவே டைப் கிடைத்துவிடும். ஸ்பிரிங் பூட் 2.0 முதல் இதுதான் வழக்கமான அமைப்பு. ஜேடிகே ப்ராக்ஸி என்றால் அது வெறும் இன்டர்ஃபேஸை மட்டும் இம்ப்ளிமென்ட் செய்யும். டைப் விவரம் இருக்காது. லாம்ப்டாவிலும் இருக்காது.

ஸ்பிரிங்கின் ஏஓபி யூட்டில்ஸ் என்ற உதவி கிளாஸ் மூலம் ப்ராக்ஸிக்குள் இருக்கும் கிளாஸைத் தோண்டி எடுக்க வழி உண்டு. நான் அந்தப் பக்கம் போவதில்லை. இன்டர்ஃபேஸிலேயே ஒரு மெத்தட் சேர்த்துவிடுவேன்:

மெத்தட்: கிளாஸ்<டி> வகை()

ஆட்டோகட்டணம் இதில் ஆட்டோபயணத்தின் கிளாஸைத் திருப்பித்தரும். ஒரு வரி கூடுதல், மாயம் எதுவும் இல்லை. ப்ராக்ஸி சுற்றினாலும் மெத்தட் அழைப்பு உள்ளே போய்ச் சேரும். இரண்டு அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் ஆகிவிட்டதால் இனி யாரும் இதை லாம்ப்டாவாக எழுதவும் முடியாது; நமக்கு அதுவும் வசதிதான்.

இப்போது பிரித்துவிடும் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் லிஸ்ட்டை வாங்கி, வகை() சாவியாகவும் கணிப்பு மதிப்பாகவும் இருக்கும் ஒரு மேப்பாக மாற்றுங்கள். ஸ்ட்ரீமின் டு-மேப் கலெக்டரைப் பயன்படுத்தினால், ஒரே வகைக்கு இரண்டு கணிப்பு இருந்தால் "டூப்ளிகேட் கீ" என்று ஸ்டார்ட்-அப்பிலேயே சத்தம் போடும். கையால் லூப் எழுதி புட் செய்தால் இரண்டாவது முதலாவதை அமைதியாக அழித்துவிடும். ஆகவே டு-மேப்.

மேப்பிலிருந்து எடுத்த கணிப்பு வைல்டுகார்டு டைப்பில் இருக்கும். அதனிடம் பயணத்தைக் கொடுக்கக் கம்பைலர் விடாது. ஒரு அன்செக்டு காஸ்ட் தவிர்க்க முடியாதது. அதை ஒரு சின்ன ப்ரைவேட் மெத்தடில் அடைத்து, வார்னிங்கை அந்த மெத்தடில் மட்டும் அடக்குங்கள். சாவியும் மதிப்பும் ஒரே டைப் என்பதை மேப் கட்டும்போதே உறுதி செய்துவிட்டதால் அந்தக் காஸ்ட் பாதுகாப்பானது. கிளாஸ் முழுவதற்கும் வார்னிங்கை அடக்கினால் நாளை வரும் நிஜத் தவறும் அதோடு மறைந்துபோகும்.

இன்னொன்று. பயணம் இன்டர்ஃபேஸை சீல்டாக அறிவித்தால், அனுமதிக்கப்பட்ட கிளாஸ்கள் எவை என்பதை ஜாவா 17-ல் ரிஃப்ளெக்‌ஷன் மூலம் கேட்டு வாங்கலாம். கன்ஸ்ட்ரக்டரின் கடைசியில் அந்தப் பட்டியலையும் மேப்பின் சாவிகளையும் ஒப்பிடுங்கள். நாளை யாராவது கேப்பயணம் (டாக்சி) சேர்த்துவிட்டுக் கணிப்பு எழுத மறந்தால், ஆப் ஸ்டார்ட் ஆகாது. நான்கைந்து வரியில் கிடைக்கும் இந்தக் காவல் எனக்கு மிகவும் பிடித்தது.

சாவியைத் தேடும்போது பயணத்தின் கெட்-கிளாஸைக் கொண்டு தேடுவீர்கள். பயண கிளாஸ்களை ரெக்கார்டாகவோ ஃபைனலாகவோ வையுங்கள். வாரிசு கிளாஸ் ஒன்று வந்தால் சாவி ஒத்துப்போகாது.

8. ஜெனரிக் கிளாஸையே பீனாக்குவது

@காம்பொனென்ட் போட்டு நினைவகம்<டி> என்று ஒரு கேஷ் கிளாஸ் எழுதுகிறீர்கள். ஓர் இடத்தில் நினைவகம்<ஆட்டோபயணம்>, வேறு இடத்தில் நினைவகம்<மெட்ரோபயணம்> கேட்கிறீர்கள். இரண்டு தனித்தனி ஆப்ஜெக்ட் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள்.

வருவது ஒன்றே ஒன்று. ஸ்பிரிங் டைப்புக்கு ஒன்று என்று உருவாக்காது. ஒரு கிளாஸ் அறிவிப்பு, ஒரு பீன். அதன் "டி" தீர்மானிக்கப்படாததால் தளர்ந்த தேடலில் இரண்டு இடத்துக்கும் அதே ஆப்ஜெக்ட் போகும். சாவி வெறும் கிளெய்ம் எண் என்றால், 1042 என்ற எண்ணுக்கு ஆட்டோ பகுதி போட்டு வைத்ததை மெட்ரோ பகுதி எடுக்கும். எக்செப்ஷன் வருவது எடுத்த இடத்தில்; தவறு நடந்தது வேறு எங்கோ. இதைத் தேடி ஒரு முழு மதியத்தையும் தொலைத்தவர்கள் உண்டு.

தீர்வு: கிளாஸிலிருந்து @காம்பொனென்ட்டை எடுத்துவிட்டு, ரிட்டர்ன் டைப் முழுசாக எழுதிய இரண்டு @பீன் மெத்தடுகளை எழுதுங்கள். டைப்புகள் நிறைய இருந்தால், ஃபேக்டரி ஒன்றை பீனாக்கி, கிளாஸ் ஆப்ஜெக்ட்டைக் கொடுத்து நினைவகம் வாங்கும்படி செய்யலாம். ஜெனரிக் கிளாஸுக்குள் உள்ளே எந்த நிலையும் வைக்கவில்லை என்றால், அதாவது வெறும் ஃபங்ஷன்கள் மட்டும் என்றால், ஒரே ஆப்ஜெக்ட் பகிரப்படுவதால் கெடுதல் இல்லை, அப்படியே விடலாம்.

9. டெஸ்ட் எழுதும்போது

பிரித்துவிடும் கிளாஸுக்கு மாக்கிட்டோ லைப்ரரியின் மாக் (டெஸ்டுக்காகத் தானாக உருவாகும் போலி ஆப்ஜெக்ட்) கொடுத்தால் வகை() நல் (null, அதாவது வெறுமை) திருப்பித்தரும். ஒரு மாக் என்றால் நல் சாவியோடு மேப் உருவாகி, தேடும்போது எதுவும் கிடைக்காது. இரண்டு மாக் என்றால் டூப்ளிகேட் கீ. கோடு தவறோ என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். இங்கே மாக் வேண்டாம். நாலு வரியில் ஒரு போலி கணிப்பு கிளாஸ் எழுதிவிடுங்கள்.

ஸ்பிரிங் கான்டெக்ஸ்ட்டோடு ஒரு டெஸ்டாவது இருக்கட்டும். டைப் பொருத்தம் தவறினால் யூனிட் டெஸ்ட் எதுவும் காட்டாது. கன்டெய்னர் எழுந்தால்தான் தெரியும். அதில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பயணத்தை உண்மையிலேயே ஓட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதே போதும் என்று விட்டால் படி 5-ல் சொன்ன மெட்ரோ-பஸ் குழப்பம் தப்பிவிடும். ஆட்டோவுக்கு 5 கிலோமீட்டர், பகல் நேரம்: 36 கூட்டல் 3 பெருக்கல் 18, 90 ரூபாய் வரவேண்டும்.

10. ஸ்பிரிங் இல்லாத இடத்தில்

கூகுளின் ஜூஸ் (Guice) லைப்ரரியில் பைண்டிங் (எந்த டைப்புக்கு எதைத் தருவது என்ற அறிவிப்பு) எழுதும்போது வெறும் கிளாஸைக் கொடுத்தால் டைப் போய்விடும். டைப்-லிட்டரலை ஓர் அனானிமஸ் வாரிசாக, அதாவது காலி சுருள் அடைப்புக்குறியோடு எழுதவேண்டும். வாரிசு கிளாஸின் தலைப்பில் டைப் பதிவாகும் என்ற படி 3-ன் அதே தந்திரம். அந்த அடைப்புக்குறியை விட்டால் கம்பைல் ஆகாது. படி 8-ன் கதை இங்கே நேர்மாறு: நினைவகம்<ஆட்டோபயணம்>, நினைவகம்<மெட்ரோபயணம்> என்று கேட்டால் ஜூஸ் இரண்டு தனி ஆப்ஜெக்ட் தரும், சிங்கிள்டன் என்று குறித்திருந்தாலும்.

சிடிஐ, அதாவது குவார்கஸ் போன்றவற்றில் இருப்பது, இன்னும் கறார். ஜெனரிக் கிளாஸையே பீனாக்கினால் அது டிபென்டென்ட் ஸ்கோப்பில்தான் (கேட்ட இடத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான்) இருக்கவேண்டும். அப்ளிகேஷன்-ஸ்கோப் போட்டால் ஏற்காது. ரா டைப்பாகக் கேட்டால், டைப் நிர்ணயித்த பீன்கள் பொருந்தாது. ஸ்பிரிங்கிலிருந்து மாறி வருபவர்கள் "நேற்றுவரை ஓடியதே" என்று நிற்பது இந்த இடத்தில்.

டேகர் (Dagger) என்ற லைப்ரரி எல்லாவற்றையும் கம்பைல் நேரத்திலேயே பார்த்துவிடும். அதில் ப்ரொவைட்ஸ் மெத்தடுக்குச் சொந்தமாக டைப் பாராமீட்டர் வைக்க முடியாது. ஒவ்வொரு டைப்புக்கும் தனி மெத்தட் எழுதவேண்டும். கோட்லினில் எழுதிய மாட்யூலோடு சேர்க்கும்போது லிஸ்ட், செட், மேப் போன்றவற்றில் கம்பைலர் தானாக வைல்டுகார்டு சேர்த்துவிடும். டேகர் பீன் இல்லை என்று சொன்னால் முதலில் அங்கே வைல்டுகார்டை அடக்கும் அனோட்டேஷனைப் போட்டுப் பாருங்கள்.